ஏழாவது ஆள் இறங்கவும்

பேரன்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

அத்தான் எழுதிக்கொண்டது. இங்கு என் உடம்புக்கு ஒரு குறையுமில்லை. சமையலறையின் நலம்தான் வெளியே சொல்லும்படி இல்லை. அங்கு தாங்களும், தங்கச்சியும், தங்கள் கண்ணாடிக்கடையும், கடைசி வரி எழுத்துத் தெரியவில்லை என்று தினமும் வந்து சொல்லும் வாடிக்கையாளர்களும் எல்லா நலமும் பெற்றுப் பெருகி இருக்க வேண்டுமென்று விரும்புகிறேன்.

ஃபோன் என்று ஒன்று இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று தாங்கள் நினைக்கலாம். தங்கள் வீட்டுக்கு ஃபோன் செய்தால் எடுப்பது தங்கள் அக்கா. என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாள். அது போக, முப்பது வருஷத்துக்கு மேல் லிஃப்ட் ஆய்வாளராக வேலை பார்த்துவிட்டு வந்தவன் நான். வாயால் சொன்னது எதுவும் நடந்து நான் பார்த்ததில்லை. எழுத்தில் கொடுத்தால்தான் நடக்கும், அதுவும் இரண்டு முறை கொடுத்தால்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் பெட்டியோடு வந்து இறங்கிய தங்கள் அக்கா, “சும்மா தம்பியைப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்” என்று சொல்லியிருப்பாள். சும்மா இல்லை. என்னோடு கோபித்துக்கொண்டு வந்திருக்கிறாள். காரணம் நீங்கள்தான். பதறாதீர்கள், நீங்கள் ஒன்றும் செய்யவில்லை. உங்களை நான் லிஃப்டிலிருந்து இறக்கிவிட்டுவிட்டேனாம். எந்த லிஃப்ட், எப்போது என்று தலையைச் சொறிய வேண்டாம். அந்த லிஃப்டில் நீங்கள் ஏறவே இல்லை. முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். அக்கா வாயால் கேட்பதற்கு முன்னால் என் எழுத்தில் படித்துவிடுங்கள். படித்துவிட்டு, நியாயம் யார் பக்கம் என்று நீங்களே தீர்ப்புச் சொல்லி, அவளைத் திருப்பி அனுப்பிவைக்க வேண்டும். இந்தக் கடிதத்துக்கு அதைத் தவிர வேறு நோக்கமில்லை.

எங்கள் வீட்டு டிவி உங்களுக்குத் தெரியும். ஹாலில் ஒன்றே ஒன்று, அதற்கு ரிமோட்டும் ஒன்றே ஒன்று. எனக்குப் பிடித்தது தொழிற்சாலைகளைக் காட்டும் நிகழ்ச்சி. ஒரு முனையில் கம்பி உள்ளே போகும், மறுமுனையில் திருகாணியாக வந்து விழும். அரை மணி நேரம் திருகாணி விழுவதைப் பார்த்தால் மனசுக்கு அப்படி ஒரு நிம்மதி. யாரும் அழுவதில்லை. யாரும் யாரையும் கடத்திக்கொண்டு போவதில்லை. எந்தத் திருகாணியும் இன்னொரு திருகாணியின் பாலில் விஷம் கலப்பதில்லை. தொலைக்காட்சி என்று ஒன்றைக் கண்டுபிடித்ததே இதற்காகத்தான் என்பது என் தனிப்பட்ட கருத்து. உங்கள் அக்காவின் கருத்து வேறு. மாலை ஏழு மணி ஆனால் அவளுக்குத் தொடர். அந்தத் தொடரைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், வயிறு எரிகிறது. கதாநாயகியும் வில்லியும் லிஃப்டில் மாட்டிக்கொண்டார்கள் என்று மூன்று வாரம் இழுத்தார்கள். மூன்று வாரமும் எச்சரிக்கைப் பொத்தான் கதாநாயகியின் தோளுக்குப் பின்னால் பளிச்சென்று தெரிகிறது, அவள் அதை அழுத்தவில்லை. “ஐயோ, மூச்சு முட்டுதே” என்கிறாள். எந்த லிஃப்டில் மூச்சு முட்டும்? காற்றுப் போகத் துவாரம் வைக்காமல் எவன் அனுமதி கொடுத்தான்? பொறுக்க முடியாமல் அந்தச் சேனலுக்கு நான் பக்கம் பக்கமாக எழுதிப் போட்டேன், படமும் வரைந்து. பதில் வந்தது. ‘எங்கள் தொடரின் மேல் தாங்கள் வைத்திருக்கும் பாசத்துக்கு நன்றி’ என்று எழுதி, கூடவே அந்த வில்லி நடிகை கையெழுத்துப் போட்ட புகைப்படம். உங்கள் அக்கா அதற்குச் சட்டம் போட்டு எங்கள் கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். ஒரு புருவத்தைத் தூக்கிக்கொண்டு அந்த அம்மாள் இன்று வரை என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

தொடர் ஓடும் நேரத்தில் நான் படிப்பேன். எதிர்காலத்தைப் பற்றிய புத்தகங்கள். நூலகத்தில் அந்த அலமாரிதான் ஜன்னலோரமாக இருக்கிறது, காற்று நன்றாக வரும், அப்படி ஆரம்பித்த பழக்கம். இப்போது அந்த அலமாரியில் நான் படிக்காதது ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்ச நாளில் வானத்தில் கார் பறக்குமாம், வீடே நம்மோடு பேசுமாம், நட்சத்திரத்தை நோக்கி ஒரு வடத்தைக் கட்டி அதில் லிஃப்ட் விடுவார்களாம். நல்லது, விடட்டும். அந்த வடத்துக்கு யார் எண்ணெய் போடுவார்? அதை ஒருவரும் எழுதவில்லை. இருநூறு மாடி கட்டுகிறவனுக்கு, இருநூறாவது மாடியில் கதவு திறக்காமல் போனால் யாரைக் கூப்பிடுவது என்று தோன்றவில்லை. எத்தனை அறிவாளி, எத்தனை புத்தகம்! பராமரிப்பு என்ற ஒரு சொல் கிடையாது. பொறுக்காமல் பக்க ஓரத்தில் பென்சிலால் ‘சர்வீஸ் யார்?’ என்று எழுதிக்கொண்டே வந்தேன். நூலகக்காரம்மா கண்டுபிடித்துவிட்டார். எல்லாப் பக்கத்தையும் என்னை வைத்தே ரப்பரால் அழிக்கச் சொன்னார்.

படித்ததை யாரிடமாவது சொல்ல வேண்டுமே. விளம்பரம் வரும் நேரம் பார்த்து உங்கள் அக்காவிடம் சொல்வேன். ஒருநாள், “இனிமே மனுஷன் நூத்தம்பது வயசு வரைக்கும் இருப்பானாம்” என்றேன்.

“யாரோட?” என்றாள்.

“அவங்கவங்க குடும்பத்தோடதான்.”

அவள் டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

இன்னொரு நாள், “வீடே நம்மகிட்ட பேசுமாம்” என்றேன். “இங்க ஏற்கெனவே ஓயாமப் பேசிக்கிட்டுதானே இருக்கு” என்றாள். இப்படியாக நாங்கள் இருவரும் சந்தோஷமாகத்தான் இருந்தோம் மச்சான். அவளுக்குத் தொடர், எனக்கு எதிர்காலம், நடுவில் ஒரு டீ.

கெட்ட காலம், தொடர் முடிந்துவிட்டது. ஒன்பது வருஷம் ஓடிய தொடரை ஒரே நாளில் முடித்துவிட்டார்கள். விஷம் வைத்தவள், கடத்தியவன், கோமாவில் கிடந்தவர் எல்லோரும் ஒருவரை ஒருவர் மன்னித்து, வரிசையாக நின்று கும்பிட்டு, முற்றும் போட்டாயிற்று. உங்கள் அக்காவுக்கு அதைத் தாங்க முடியவில்லை. மறுநாள் ஏழு மணிக்கு அணைத்துக் கிடக்கும் டிவிக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டாள். எனக்குப் பாவமாகப் போயிற்று. “வா, திருகாணி பாக்கலாம்” என்று கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் என்னோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு, “இதுல யாரு கெட்டவன்?” என்று கேட்டாள். கெட்டவன் யாருமில்லை என்றேன். எழுந்து போய்ப் படுத்துவிட்டாள்.

உங்கள் மருமகன், எங்கள் பையன்தான் ஃபோனில் இதற்கு வழி சொன்னான். வேலைக்கென்று வெளியூர் போனபோது அவனுடைய பழைய விளையாட்டுப் பெட்டியை அலமாரியில் போட்டுவிட்டுப் போனானே, அதை எடுத்து டிவியில் மாட்டச் சொன்னான். நான் என்ன சின்னப் பையனா என்று கேட்டேன். “அப்பா, இது சுடுறது, குதிக்கிறது இல்ல. கதை விளையாட்டு. தொடர் மாதிரியே போகும், ஆனா அடுத்து என்ன நடக்கணும்னு நாமதான் முடிவு பண்ணணும்” என்றான். அவ்வளவுதான், உங்கள் அக்காவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! ஒன்பது வருஷமாக “அங்க போகாதடி, அவ சொல்றதை நம்பாதடி” என்று கத்திக்கொண்டிருந்தவளுக்கு, கத்தினால் கேட்கிற தொடர் ஒன்று கிடைத்துவிட்டது.

ஏற்பாடு என்னவென்றால், கீழே ஓடும் எழுத்து பொடி எழுத்து. விளையாட்டுப் பெட்டியின் கைப்பிடியில் இருக்கும் பொத்தானும் அவள் கண்ணுக்குச் சரியாகத் தெரிவதில்லை. கண்ணாடியை மாற்று மாற்று என்று நீங்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள், யார் கேட்கிறார்கள்? அதனால் எழுத்தை நான் வாய்விட்டுப் படிப்பேன், பொத்தானையும் நான் அழுத்துவேன், எதை அழுத்துவது என்று அவள் சொல்வாள். கை என்னுடையது, மூளை அவளுடையது. கல்யாணமான நாளிலிருந்து அதுதானே நடக்கிறது என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது.

கதையைச் சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள், வழக்கே இதில்தான் இருக்கிறது. எதிர்காலம். கடல் பொங்கி ஊரெல்லாம் முழுகி, மிச்சமிருக்கும் ஜனங்கள் ஒரே ஒரு பெரிய கோபுரக் கட்டடத்தில் குடியிருக்கிறார்கள். தண்ணீர் மாடி மாடியாக ஏறுகிறது. ஜனங்கள் அதற்கு முன்னால் மேலே போக வேண்டும். லிஃப்டோ ஒவ்வொன்றாகக் கெட்டுப்போகிறது. மச்சான், எனக்குப் புல்லரித்துவிட்டது! அந்த அலமாரி முழுக்கத் தேடியும் கிடைக்காத உண்மை இங்கே இருக்கிறது. லிஃப்ட் கெட்டுப்போகும்! இதை எழுதியவன் எவனோ, அவன்தான் எதிர்காலத்தை அறிந்தவன். மற்றவனெல்லாம் கனவு காண்கிறவன்.

அதில் ஒரு அக்கா, ஒரு தம்பி. அந்தத் தம்பி குண்டாக இருப்பான், தான் சொன்ன ஜோக்குக்குத் தானே சிரிப்பான், தட்டில் பிஸ்கட்டைக் கண்டால் தாண்டிப் போக மாட்டான். முதல் நாளே உங்கள் அக்கா, “அச்சு அசல் என் தம்பி!” என்று சொல்லிவிட்டாள். எனக்கும் சந்தேகம்தான், உங்களை எங்கேயோ பார்த்துத்தான் வரைந்திருக்கிறார்கள். பிறகு ஒரு டாக்டரம்மா, ஒரு சமையல்காரர், ஓயாமல் சண்டை போடும் ஒரு புருஷன் பெண்டாட்டி. எல்லோருக்கும் மேலாக அந்தக் கட்டடத்தின் லிஃப்ட்காரர். அடடா, என்ன மனுஷன்! பெரிய மீசை, தலையில் தொப்பி, தோளில் கருவிப் பை, எதைக் கேட்டாலும் விதி எண்ணோடு பதில். மற்றவர்கள் பேசுவதை நான் ஒரே குரலில் படித்துக்கொண்டு போவேன். அவர் பேசினால் மட்டும் எழுந்து நின்று படிப்பேன். “உங்களுக்கு அவரைப் பிடிக்காம இருக்குமா? கண்ணாடியில பாக்கிற மாதிரியில்ல இருக்கும்” என்றாள் உங்கள் அக்கா. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

கதையில் அவள் கெட்டிக்காரி, அதை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கட்டடத்தின் தலைவர் இனிக்க இனிக்கப் பேசினார். நல்லவர் என்றேன் நான். “பின்னாடி மியூசிக் மாறுதே, காதுல விழலையா? இவன்தான் தண்ணியைத் திறந்து விட்டவன்” என்றாள். அப்படியே ஆயிற்று. நான் என்ன செய்வேன் என்றால், எந்த மாடிக்குப் போனாலும் முதலில் லிஃப்டிடம் போவேன். கதவு இடுக்கைப் பார்ப்பேன், வடத்தைப் பார்ப்பேன், கட்டடத்தில் எத்தனை வழி என்று பார்ப்பேன். “அந்தப் பொண்ணு முழங்கால் தண்ணியில நிக்குது, நீங்க கதவு இடுக்கை ஆராய்ச்சி பண்றீங்க!” என்று திட்டுவாள். ஒருநாள் லிஃப்ட்காரரிடம் திரும்பத் திரும்பப் பேச்சுக் கொடுத்தேன். காற்றுக் குழாய்க்குப் பின்னால் பராமரிப்புக்காரர்களுக்கென்று ஒரு மாடிப்படி இருக்கிறது, அது தன்னைத் தவிர யாருக்கும் தெரியாது, கண்ணைக் கட்டிவிட்டாலும் தன்னால் ஏறி வர முடியும் என்றார். எழுந்து நின்று படித்தேன். உங்கள் அக்கா துணி மடித்துக்கொண்டு கொட்டாவி விட்டாள்.

இனிமேல்தான் சம்பவம். தண்ணீர் வந்துவிட்டது. ஓடுகிற லிஃப்ட் அந்த மாடியில் ஒன்றே ஒன்று. ‘ஆறு பேர் மட்டும்’ என்று உள்ளே எழுதியிருக்கிறது. லிஃப்ட்காரர் முதலில் ஏறிப் பொத்தானைப் பிடித்துக்கொண்டார். பின்னால் புருஷன், பெண்டாட்டி, சமையல்காரர், டாக்டரம்மா, அக்கா. ஓடி வந்த வேகத்தில் டாக்டரம்மாவின் கண்ணாடி எங்கேயோ விழுந்துவிட்டது. கண்ணாடி இல்லாமல் அந்த அம்மாவுக்கு எதுவும் தெரியாது. தம்பி என்ன செய்தான்? யாரும் கேட்காமலே தண்ணீருக்குள் திரும்பிப் போய், துழாவி, கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தான். வந்து ஏறினான். பாரம் அதிகம் என்று மணி அடித்தது.

திரையில் ஏழு முகமும் வந்து, ஒருவர் இறங்க வேண்டும், யார் என்று கேட்டது. யோசிக்க நேரம் கொடுத்தார்கள், அதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். “இருங்க, யோசிக்கலாம்!” என்று உங்கள் அக்கா கத்தினாள். அதற்குள் நான் அழுத்திவிட்டேன். மச்சான், என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். மணி அடித்தால் கடைசியாக ஏறியவர் இறங்க வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை கட்டடத்தில், எத்தனை பெரிய மனிதர்களிடம் சொல்லியிருக்கிறேன்! மந்திரியாக இருந்தாலும் மாப்பிள்ளையாக இருந்தாலும் மணிக்கு எல்லோரும் ஒன்று. என் கை தன் வேலையைச் செய்தது.

அந்தத் தம்பி ஒரு வார்த்தை முனகவில்லை. கண்ணாடியைச் சட்டையில் துடைத்து டாக்டரம்மா கையில் கொடுத்தான். “நான் கொஞ்சம் குண்டுதான், மணி மேல தப்பில்ல” என்று சொல்லி, தானே சிரித்துக்கொண்டு இறங்கினான். கதவு மூடியது. திரை இருட்டாகி, தண்ணீர் சத்தம் மட்டும் கேட்டது.

உங்கள் அக்கா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குப் பழக்கம். மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்துக்கொண்டு, “என் தம்பியா இருந்தாலும் இப்படித்தான் இறக்கி விட்டிருப்பீங்களா?” என்று கேட்டாள்.

விவரம் தெரிந்த புருஷனாக இருந்தால் இந்த இடத்தில் டீ போடப் போயிருப்பான். நான் நேர்மையான அதிகாரி. “கண்டிப்பா. அதுவும் உன் தம்பி எடைக்கு ஆறாவது ஆளுக்கே மணி அடிச்சிருக்கும்” என்றேன்.

“சரி, கடைசியா ஏறினது நானா இருந்தா?”

நான் யோசித்தேன். அங்கேதான் தப்பு. தம்பி விஷயத்தில் யோசிக்காமல் அழுத்தினது குற்றம், இங்கே யோசித்தது குற்றம். “நீ எத்தனையாவதா ஏறினேன்னு பாக்கணும்” என்று நான் சொல்லி முடிக்கும்போது அவள் உள்ளே போய்ப் பெட்டியை எடுத்தாயிற்று. எங்கள் கட்டட லிஃப்ட் உங்களுக்குத் தெரியும், நான் குடிவந்த பிறகு ஒருநாள்கூட நின்றதில்லை, அப்படி வைத்திருக்கிறேன். அதில் ஏறாமல், பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலு மாடியும் படியில் இறங்கிப் போனாள். நான் லிஃப்டில் இறங்கிக் கீழே காத்திருந்தேன். என்னைத் தாண்டி ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

அதற்குப் பிறகு இங்கே நடப்பதைக் கேளுங்கள். தானாகவே சமைக்கும் சமையலறை வரப்போகிறது என்று ஒரு புத்தகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது பால் பொங்கி அடுப்பு அணைந்து, கேஸ் வாடை பிடித்து பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா கதவைத் தட்டினார். அவர் கேஸை மூடிவிட்டு, “அக்கா எங்க?” என்று கேட்டார். தம்பி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன். “லிஃப்ட் சண்டையா?” என்றார். சுவர் அவ்வளவு மெல்லிசு. சட்டையைத் தேய்க்கப் போய்ப் பையிலிருந்த நூலக அட்டையையும் சேர்த்துத் தேய்த்துவிட்டேன், அது சுருண்டுபோய் ஒரு பக்கமாகப் பார்க்கிறது. சரி, விளையாடியாவது பார்ப்போம் என்று ஏழு மணிக்கு உட்கார்ந்தேன். கதையில் வரும் அந்த அக்கா லிஃப்டின் மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். எந்தப் பொத்தானை அழுத்திப் பேச்சுக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஒரு வீட்டில் எத்தனை பேர்தான் என்னோடு பேசாமல் இருப்பார்கள்? டிவியை மாற்றித் திருகாணி போட்டேன். விழுந்துகொண்டே இருந்தது. நிம்மதி மட்டும் வரவில்லை. சுவரிலிருந்து அந்த வில்லி புருவத்தைத் தூக்கிக்கொண்டு பார்க்கிறார்.

பையனிடம் ஃபோனில் அழாத குறையாகச் சொன்னேன். “இதுக்கா இவ்வளவு? அப்பா, சேவ் பண்ணின இடத்துக்குத் திரும்பிப் போய் மாத்திக்கலாம். ரெண்டே ரெண்டு பட்டன்” என்றான்.

“என்னடா பேசறே? கையெழுத்துப் போட்ட அறிக்கையைப் பின்னாடி திருத்தறதா? ஆயுசுல நான் அந்தக் காரியம் பண்ணினதில்ல.”

“அப்பா, இது விளையாட்டுப்பா.”

“லிஃப்ட் விளையாட்டு இல்லடா.”

“அம்மா வரணுமா, வேண்டாமா?” என்று கேட்டான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நீட்டி முழக்கிப் பேசத் தெரியாது. நான் வைத்துவிட்டேன்.

ஆகவே மச்சான், உங்களைக் கேட்டுக்கொள்வது இதுதான். அவளிடம் எடுத்துச் சொல்லுங்கள். உங்கள் அத்தான் கல்நெஞ்சக்காரன் இல்லை, விதி தெரிந்தவன், அவ்வளவுதான் என்று சொல்லுங்கள். ஆறு பேர் என்று எழுதியிருந்தால் ஆறு பேர்தான். மாற்றி எழுதுவதற்கோ, பழைய இடத்துக்குத் திரும்பிப் போவதற்கோ நான் சம்மதிக்க மாட்டேன். நான் செய்தது சரி. ஏழாவது ஆள் இறங்கத்தான் வேண்டும், அது நீங்களாகவே இருந்தாலும். இதை நீங்களே உங்கள் வாயால் சொன்னால் அவள் கேட்பாள்.

வீடு வீடாக இல்லை. ஏழு மணிக்கு இரண்டு நாற்காலி போட்டுவிட்டு ஒன்றில் மட்டும் உட்கார்ந்திருக்கிறேன். டிவியில் யாரைப் பார்த்தாலும் எனக்கு நல்லவனாகத்தான் தெரிகிறது. கெட்டவன் யார் என்று சொல்ல ஆளில்லை. எதிர்காலத்தைப் பற்றிப் படித்தாலும் “யாரோட?” என்று கேட்க ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. இதை மட்டும் அவளிடம் சொல்ல வேண்டாம், தலைகால் புரியாது.

தங்கச்சிக்கு என் அன்பையும் ஆசியையும் சொல்லவும். உங்கள் கடையில் கூட்டம் குறையாமலும், உங்கள் எடை மட்டும் குறைந்தும், ஊரில் எல்லோருடைய பார்வையும் கொஞ்சம் மங்கலாகவே இருந்தும், நீங்கள் நீடூழி வாழ வேண்டுமென்று வாழ்த்தும்,

தங்கள் பிரியமுள்ள அத்தான்,
மின்தூக்கி ஆய்வாளர், ஓய்வு.

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். உறை வாங்கக் கடைக்குப் போய்த் திரும்பி வந்தால் வாசலில் அவள் செருப்பு. என் நாற்காலியில் உட்கார்ந்து, நீங்கள் போட்டுக் கொடுத்த புதுக் கண்ணாடியோடு, கைப்பிடியைக் கையில் வைத்துக்கொண்டு, கீழே ஓடும் எழுத்தைத் தானே படித்துக்கொண்டிருக்கிறாள். “வந்துட்டியா?” என்றேன். “உங்களுக்காக ஒண்ணும் வரலை. கதை என்ன ஆச்சுன்னு தெரியாம அங்க சோறு இறங்கலை. தம்பி வீட்டுல ஏழு மணிக்குச் செய்தி பாக்கிறாங்க, அதுல வர்ற அத்தனை பேரும் கெட்டவனா இருக்கான்” என்றாள். மேஜையில் இருந்த இந்தக் கடிதத்தையும் படித்துவிட்டிருக்கிறாள், கடைசிப் பக்கம் உட்பட. டீ இரண்டு போட்டு வைத்திருந்தாள்.

பையன் அவளுக்கும் அந்த இரண்டு பட்டனைச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். நான் தடுப்பதற்குள் பழைய இடத்துக்குப் போய்விட்டாள். தம்பி கண்ணாடியோடு ஓடி வந்து ஏறினான், மணி அடித்தது, ஏழு முகமும் வந்தது. அவள் ஒவ்வொரு முகமாகத் தாண்டிப் போய் லிஃப்ட்காரர் மேல் நிறுத்தினாள்.

“அடிப்பாவி, முதல்ல ஏறினவரே அவருதான்!” என்றேன்.

“அந்தப் பின்னாடிப் படி எங்க இருக்குன்னு அவர் ஒருத்தருக்குத்தானே தெரியும்? அவரே சொன்னாரே, நீங்க எழுந்து நின்னு படிச்சீங்களே. வழி தெரிஞ்சவர் இறங்கினா ஏழு பேரும் பிழைப்பாங்க. கடைசியா ஏறினவன் இறங்கினா ஆறு பேர்தான்.”

மச்சான், இத்தனை வருஷத்தில் எந்த விதிப் புத்தகத்திலும் இது இல்லை. “அவர் வரலைன்னா?” என்று கேட்டேன்.

“வருவார். திட்டிக்கிட்டே வருவார். எனக்குத் தெரியாதா?” என்று சொல்லி அழுத்திவிட்டாள்.

லிஃப்ட்காரர் ஏதோ ஒரு விதி எண்ணைச் சொல்லி முறைத்துவிட்டு இறங்கினார். மேல்மாடி வந்து கதவு திறந்தது. படிக்கட்டு வாசலில் யாருமில்லை. உங்கள் அக்கா கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டாள். இருவரும் டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தோம். பிறகு தொப்பி தெரிந்தது, மீசை தெரிந்தது, மனுஷன் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றார். முதல் வார்த்தையாக, எந்த மாடியில் படிக்கட்டுக் கைப்பிடி ஆடுகிறது என்று புகார் சொன்னார். உங்கள் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே புதுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். எனக்கும் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது, நீங்கள் வந்து பார்த்தால் நல்லது.

ஆகையால் தீர்ப்பு எதுவும் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், கதை இன்னும் பாதி இருக்கிறது, பிஸ்கட் வாங்கி வைக்கிறேன். உங்களை அழைத்துப் போக நான் கீழே வந்து நிற்பேன். எங்கள் கட்டட லிஃப்டும் ஆறு பேருக்குத்தான். கூட்டமாக இருந்து மணி அடித்தால் யாரும் பதற வேண்டாம், நீங்கள் உள்ளேயே நில்லுங்கள். நான் படியில் வந்துவிடுகிறேன்.